பிறந்த வீட்டுக் கோடி

உத்திரமேரூர் கடைத்தெருவில் நேற்று மஞ்சள் கொத்து வந்து இறங்கிவிட்டது. மண் ஒட்டின பச்சை மஞ்சள் வாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வீசுகிறது. என் வீட்டுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று இரண்டு கொத்தை வண்டியில் மாட்டின பிறகுதான் நினைவு வந்தது. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நீ இல்லாத முதல் பொங்கல் இது, தங்கச்சி.

மாட்டாஸ்பத்திரிக்கு மாற்றலாகி, தென்காசியிலிருந்து வந்து உன் பக்கத்து வீட்டில் குடியேறினேன். சாமான் இறக்கி முடியவில்லை, அதற்குள் காம்பவுண்டு சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு நீ விசாரணையை ஆரம்பித்துவிட்டாய். எந்த ஊர், என்ன வேலை, ஏன் இவ்வளவு தூரம். எனக்கோ நாலு வார்த்தைக்கு மேல் யாரிடமும் பேசிப் பழக்கமில்லை. கடைசியில், "ஒங்கள இன்னான்னு கூப்புடறது?" என்றாய்.

"சார்னே கூப்பிடுங்க."

"அய்ய, சாரெல்லாம் ஆஸ்பத்திரியோட வெச்சிக்க. இந்தத் தெருவுல மொற இல்லாம ஒருத்தரும் கெடையாது. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. நீ அண்ணனா இருந்துக்க."

கேட்கவில்லை நீ, அறிவித்தாய். மறுநாள் காலையில் உன் வீட்டுக்காரர், "இன்னா மச்சான், நாஷ்டா ஆச்சா?" என்றார். உன் மகள் மாமா என்றாள். நான் வேட்டி கட்டுகிற லட்சணத்தை எதிர்வீட்டு அம்மா கிண்டல் பண்ண ஆரம்பித்தாள். "ஒரே ராத்திரியில தெரு பூரா சொந்தமாயிட்டே!" என்று என் மனைவி சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான். வாடகைக்கு இருக்கிறவன், இன்னொரு ஆர்டர் வந்தால் மூட்டை கட்டப்போகிறவன். வெறும் வாய்வார்த்தைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

வாய்வார்த்தை இல்லை என்பது பொங்கலுக்குத் தெரிந்தது. "பொறந்த வூட்டு சீர் இன்னும் வர்லியே!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாய். கரும்பும் மஞ்சள் கொத்தும் ஒரு புடவையும் கொண்டுவந்து வைத்தேன். அந்தப் புடவையை ஒரு வீடு பாக்கியில்லாமல் காட்டினாய். "கலர்தான் சகிக்கல. ஆனா எங்க அண்ணன் ஆசையா எடுத்தாந்துகீது, கட்டாம வுடுவனா?" உன் மகள் பெரியவளானபோது, தாய்மாமன் சீர்த்தட்டோடு மேளத்துக்குப் பின்னால் என்னை நடக்கவிட்டாய். வெட்கத்தில் தரையைப் பார்த்தபடியே வந்தேன். "நிமிந்து நடண்ணா, திருடனாட்டம் வர்ற" என்று காதில் சொன்னாய்.

பிற்பாடு மாற்றல் ஆர்டர் வந்தது. காஞ்சிபுரத்துப் பெரிய ஆபீசுக்கு நடையாய் நடந்து அதை ரத்து செய்யவைத்தேன். பிள்ளை படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் போகவே இல்லை. இது நீ ஆசைக்கு ஆடுகிற ஆட்டம், நானும் கூட ஆடுகிறேன். நிஜமாக ஒன்று வரும்போது நான் இவர்களுக்கு யார்?

வந்தது. ஐப்பசி மழையில் ஒரு காலை, நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பழையசீவரத்திலிருந்தும் திருமுக்கூடலிலிருந்தும் உன் வீட்டுக்காரர் வகை ஜனம் வேன் வேனாக வந்து இறங்கியது. யார் யாரோ உரிமையோடு உன் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். நான் பந்தலுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால், ஆபீஸ் ஆட்களோடு நின்றேன். சொந்தக்காரர்கள் வந்தாயிற்று, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. எங்கே நின்று அழுவது என்றுகூடத் தெரியவில்லை, தங்கச்சி.

குளிப்பாட்டும் நேரத்தில் ஒரு பெரியவர், "பொறந்த வூட்டுக் கோடி எங்க?" என்றார். கடைசியாக உடுத்துகிற புதுப் புடவை பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். "அந்தப் பக்கந்தான் யாரும் இல்லியே, நாமளே ஒண்ணு போட்டுடலாம்" என்றது இன்னொரு குரல்.

உன் வீட்டுக்காரர் எழுந்தார். "இன்னா பேசறீங்க? யாரும் இல்லியா? தோ நிக்கறாரு பாரு என் மச்சான். அவரு கோடி வராம இந்த வூட்ல ஒண்ணும் நடக்காது."

தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. "போண்ணா, மழ புடிக்கறதுக்குள்ள எடுத்தாந்துடு" என்றாள் எதிர்வீட்டு அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அத்தனை ஜனமும் எனக்காகக் காத்திருந்தது. கடையில் நின்று, நீ திட்டமாட்டாத கலர் எது என்று தேடினேன். கடைக்காரர் எதை விரித்தாலும் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கொண்டுவந்து உன்மேல் போர்த்தும்போது வாய்விட்டு அழுதேன். எங்கே நிற்பது என்ற கேள்வி அப்புறம் எனக்கு வரவே இல்லை.

வருகிற ஜூனோடு எனக்கு ரிட்டயர்மென்ட். ஊருக்கே போய்விடலாம் என்கிறாள் உன் அண்ணி. போகலாம், போகாமலும் இருக்கலாம், இன்னும் முடிவு பண்ணவில்லை. போன வாரம், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர், "இதுதான் உங்க சொந்த ஊரா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"என் தங்கச்சியக் கட்டிக்கொடுத்த ஊர்" என்றேன்.

"அப்படியா, தங்கச்சி வீடு இங்கேயா? நல்லதாப் போச்சு" என்றார். ஆமாம், பக்கத்து வீடுதான் என்றேன்.