பிரேக்குக்கு நேரே ஒரு கட்டம்

ராயல் ஓக், மிச்சிகன்
19 நவம்பர் 1967

அன்புள்ள வெண்டலுக்கு,

எமில் கொவாச் எழுதுவது. நானும் இர்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். வியட்நாமில் ஓயாத மழை என்று உன் அம்மா சொன்னாள். ஈரக் காலோடு தூங்காதே. இங்கே மான் வேட்டை தொடங்கி, கார் தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் பாதிப் பேர் வடக்கே போய்விட்டார்கள். மகன் ரேமண்ட் இல்லாமல் எனக்குத் துப்பாக்கியைத் தொடவே பிடிக்கவில்லை.

அங்கே பட்டாளத்தில் இன்னும் ஆறு மாதம் இருப்பதாக நீ கையெழுத்துப் போடப் போகிறாயாம். சர்ச் வாசலில் உன் அம்மா அழுதாள். "ரேமண்டைக் கொன்னவனுக்கு ஊர்ல என்னம்மா வேலைன்னு எழுதியிருக்கான், எமில்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர்ப் பையன்களைப் பைத்தியமாக்கிய அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியும். நடுத்தர வண்டியில் இவ்வளவுக்கு மேல் பெரிய எஞ்சின் கூடாது என்று எங்கள் கம்பெனி மேலிடத்தில் தடை இருந்தது. எங்கள் ஆட்கள் தடையை மீறவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். பெரிய வண்டியின் எஞ்சினை, வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆர்டர் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். நடுத்தர உடம்பு, பெரிய எஞ்சின், இருபது வயதுக்காரன் சம்பளத்துக்கு எட்டுகிற விலை. இந்த மூன்றும் இருந்தால்தான் மசில் கார், மற்றதெல்லாம் வெறும் பெயிண்ட் என்று ரேமண்ட் உன்னோடு எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பான்!

நான் பதினோரு வருடமாக பிரேக் மாட்டுகிறவன். எஞ்சின் பெருத்தது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் டிரம் பெரிதாகவில்லை. சாதாரண வண்டிக்கு மாட்டிய அதே டிரம்மைத்தான் இதற்கும் மாட்டினேன். பலமான பிரேக் வேண்டுமென்றால் அதுவும் தாளில் தனி வரி, குறி போடத் தனிக் கட்டம்.

ரேமண்ட் வாங்கிய வண்டிக்கு அந்தத் தாளை எங்கள் சமையலறை மேசையில் வைத்து நானும் ரேமண்டும் நிரப்பினோம். பிரேக் கட்டத்தில் அவன் குறி போட்டான். "அது ரேஸ்காரனுக்குடா. குளிர்ல பிடிக்காது, கீச்சு கீச்சுன்னு கத்தும். உங்கப்பன் மாட்டுற பிரேக் மேல நம்பிக்கை இல்லையா?" என்று நான் கிண்டல் செய்தேன். அவன் சிரித்துக்கொண்டே அதை அழித்துவிட்டு, ரேடியோவுக்குக் குறி போட்டான்.

போன வருடம் ஜூனில் அந்தச் சனிக்கிழமை, ரேமண்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவன் வண்டியை நீ ஓட்டி, உட்வர்ட் சாலையில் சிக்னலுக்கு சிக்னல் மற்ற வண்டிகளோடு நீங்கள் போட்டி போட்டது தப்புதான். அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் வண்டி மோதிய இடத்தில் சாலையில் டயர்த் தடம் இல்லை, ஓட்டியவன் பிரேக்கே பிடிக்கவில்லை என்று போலீஸ் எழுதியதை நீயும் நம்பிவிட்டாய். அது உண்மையில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் நான் பழைய இரும்புக் கடைக்குப் போய், நொறுங்கிக் கிடந்த வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு டிரம்மும் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி வழவழத்தது. நீ மிதித்திருக்கிறாய், வெண்டல். முழு பலத்தோடு மிதித்திருக்கிறாய். சூடேறிய பிரேக்தான் பிடிக்கவில்லை.

பதினேழு மாதம் இதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன். சொன்னால் மேசையில் நடந்ததையும் சொல்ல வேண்டுமே. கோழை நான். உன் தலையில் பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன ஞாயிறு, அவனைப் பெற்ற இர்மாவிடம் சொல்லிவிட்டேன். வாரம் முழுக்க அவள் ரேமண்டின் அறையில்தான் படுத்தாள். இன்று காலை தட்டு வைக்கிற இடத்தில் காகிதமும் பேனாவும் வைத்தாள். "எங்கிட்ட சொன்ன மாதிரியே அந்தப் பையனுக்கு எழுதுங்க. ஒரு வார்த்தை குறைக்காதீங்க" என்றாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கையெழுத்து மட்டும் போடாதே. நீ அங்கே செத்துப்போனால் நான் செய்தது அழிந்துவிடாது. ஊருக்கு வந்து முதலில் உன் அம்மாவைப் பார். பிறகு எங்கள் வீட்டுக்கு வா. என்னை அடிக்கத் தோன்றினால் அடி, வாங்கிக்கொள்கிறேன். உன்னையும் என் கையால் புதைக்க வைத்துவிடாதே, மகனே.

கடவுள் உன்னை முழுசாகத் திருப்பி அனுப்பட்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
எமில் கொவாச்