இடக்கைக் கோல்

அட்லாண்டா
மார்ச் 4

அன்புள்ள ஒடெஸ்ஸா அக்காவுக்கு,

தொலைபேசியில் பேசினால் நான் அழுகிறேன், நீ கத்துகிறாய், அதனால் எழுதுகிறேன். நான் மேடைத் திரையில் படம் ஓட்டும் வேலை பார்க்கிற நடனக் குழு நம் கிளீவ் அண்ணனைப் பற்றி ஆடப்போகிறது. ஷெரிப்பின் ஆள் அவனைச் சாலையில் நிறுத்திச் சுட்டதும், நம் ஜெப வீட்டில் பாடிக்கொண்டே சுற்றிவரும் தொழுகை வட்டமும் அதில் வரும். வட்டம் சுற்றும்போது அவன் துடைப்பக் கோலால் தரையைத் தட்டுவது என் போனில் படமாக இருக்கிறதே, அதை ஆடுபவர்களுக்குப் பின்னால் காட்டலாமா? நீ சரி என்றால் மட்டும்.

உன் லட்ரீஸ்

எடிஸ்டோ தீவு
மார்ச் 11

லட்ரீஸ் கண்ணு,

நலம். நண்டு வரத்து இன்னும் இல்லை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை. ஆனால் கிளீவ் செத்தபோது தொலைக்காட்சிக்காரன் வந்து அழுதான், வக்கீல் வந்து அழுதான். பிறகு ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. உன் இயக்குநர் மார்லன் யாருக்காக அழுகிறான்? மேடையில் வட்டம் சுற்றும்போது காலைக் குறுக்கே போட்டுப் பின்னுவார்களா? பின்னினால் அது ஆட்டம், பின்னாவிட்டால்தான் தொழுகை. ஞாயிறன்று ஜெபம் நடத்தும் டீக்கன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, உன் தங்கச்சி நம்ம ஜெபத்த டிக்கெட் போட்டு விக்கப் போறாளாமே?" என்ன செய்கிறீர்கள் என்று முதலில் காட்டு.

அக்கா

அட்லாண்டா
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

வட்டத்தில் கால் பின்னமாட்டார்கள். மற்ற இடங்களில் பின்னுவார்கள், மறைக்கவில்லை. ஒத்திகைப் படத்தைச் சித்தி மகன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

லட்ரீஸ்

எடிஸ்டோ தீவு
மார்ச் 24

லட்ரீஸ்,

பார்த்தேன். வலது தோள் வெளியே இருக்கத்தான் நாம் சுற்றுவோம். பின்னால் திரையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். தட்டுகிறவன் முகம் மங்கல், ஆனால் கோல் வலக்கையில். கிளீவ் இடக்கைக்காரன்; அந்தக் கைக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். யார் பெற்ற பிள்ளைக்கு என் தம்பியின் சட்டையை மாட்டிவிட்டீர்கள்? என் சம்மதம் இல்லை.

ஒடெஸ்ஸா

அட்லாண்டா
மார்ச் 30

அக்கா,

அது அண்ணனேதான். ஆடுபவர்கள் நுழையும் பக்கத்துக்குப் பொருந்த வேண்டுமென்று, மார்லன் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியிருக்கிறார். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை.

ஒத்திகை நடுவில் சொன்னேன். மார்லன் சிரித்தார். "யாரு கண்டுபிடிக்கப் போறாங்க, குட்டி?"

"எங்கக்கா கண்டுபிடிச்சிட்டா. கை மாறலைன்னா நான் படம் ஓட்டமாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் படத்தைப் பழையபடி திருப்பிவிட்டு, ஆடுபவர்களை மறுபக்கத்திலிருந்து வரச் சொன்னார். இப்போது கோல் இடக்கையில். அப்படியும் நீ வேண்டாமென்றால் திரை வெறுமையாகவே இருக்கும், அதையும் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 13, சனிக்கிழமை அரங்கேற்றம்.

லட்ரீஸ்

எடிஸ்டோ தீவு
ஏப்ரல் 5

லட்ரீஸ் கண்ணு,

மார்லன் படத்தைச் சரியாக்கினான் என்பதைக்கூட நம்பிவிடலாம். அத்தனை பேர் நடுவில் நீ வாயைத் திறந்தாய் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டாலே கிளீவ் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் நீ.

ஆகவே நேரில் பார்க்க வருகிறேன். படத்தைப் போடு. சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரம் சுட்டு எடுத்துவருவேன். மார்லனுக்கு உண்டா என்பது பிறகு. கதவோரமாக ஓர் இருக்கை வை. கோல் மறுபடி வலக்கையில் இருந்தால் எழுந்து போய்விடுவேன், கதவையும் அறைந்து சாத்துவேன்.

இருட்டில் என்னைத் தேடாதே, அவனைக் கவனி. கதவுச் சத்தம் கேட்காதவரை நான் அங்கேதான் இருக்கிறேன்.

அக்கா