வெள்ளக்கரை நாச்சியை எழுதியவர்

மேற்குத் தாம்பரம்
7-2-1993

அன்புள்ள மச்சானுக்கு சபீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமி, குல்ஷன், நான் மூவரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். அங்கே தம்மாமில் குளிர் விட்டதா என்று மாமி கேட்கச் சொன்னார்கள். அவர்களுடைய முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார்கள். குல்ஷன் கணக்கில் பின்தங்கி இருப்பதாக டீச்சர் சொல்லி அனுப்பினார். தமிழில் அவள்தான் முதலாம். அது யார் சொத்து என்று உங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தாண்டி எதைத் தேடிக் கடிதத்தைப் பிரித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் ‘வெள்ளக்கரை நாச்சி’ புத்தகமாக வந்துவிட்டது. போன வியாழக்கிழமை மாம்பலம் போய்ப் பதிப்பகத்தில் நமக்குரிய பிரதிகளை வாங்கி வந்தேன். மின்சார ரயிலில் உட்கார இடமில்லை. புத்தகக் கட்டை இடுப்பில் வைத்து நின்றபடியே வந்தேன், பிள்ளையைத் தூக்கி வருவதுபோல.

அட்டையில் நாச்சியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். இடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒட்டியாணம், வங்கி, தலைச்சாமான் எல்லாம் பூட்டி ஓடத்தில் சாய்ந்திருக்கிறாள். புருஷன் இலங்கைப் படையெடுப்புக்குக் கப்பலேறிப் போன பிறகு, வெள்ளத்தில் தவித்த சனங்களை நீர்மலையில் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடம் தள்ளியவள் அவள். கஞ்சிக்கே வழியில்லாதவளுக்கு இவ்வளவு நகை ஏது? பல்லாவரம் தோல் ஷாப்பில் கணக்கெழுதிவிட்டு வந்து, தோல் வாடை போகக் குளித்து, நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய நாச்சி இவள் இல்லை.

நாச்சிக்கு மேலே பெரிய எழுத்தில் ‘நீர்மலை அரங்கன்’ என்று இருக்கிறது. அது எதிர்பார்த்ததுதான். எத்தனை பதிப்பக வாசலில் கையெழுத்துக் கட்டைக் கொண்டுபோய் வைத்தீர்கள்! கதையைப் படிக்காமலே, ஜாபர் எழுதிய பல்லவர் கதையை எந்த வீட்டில் வாங்குவார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் இந்த மாம்பலம் பதிப்பாளர்தான் படித்தார். படித்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “பேர்தானே சபீஹா, வெளியே போறப்ப மாட்டிக்கிற சட்டை மாதிரி.” உங்கள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பு என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அதையும் எழுதிவிடுகிறேன். நீர்மலை அரங்கன் வைணவ மரபில் வந்தவராம். இல்லறத்தைத் துறந்து மலையடிவாரத்தில் தனித்து வாழ்கிறாராம். அதை வாசித்தபோது நான் அடுப்படியில் உங்கள் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவிடம் ஆசையாகக் காட்டினேன். அவர் கூட்டி வாசித்துவிட்டு, “இன்னா சபீமா, வூட்டுக்காரரு புக்கு போட்டுகீறாருன்னு சொன்னே, இதுல வேற யாரு பேரோ கீதே?” என்றார். அச்சில் தப்பாகிவிட்டது என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் வைத்துப் பூட்டாமல், உடன் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அங்கேயாவது நீங்கள் எழுதியது என்று சொல்லலாம் அல்லவா.

துஆவுடன்,
சபீஹா


மேற்குத் தாம்பரம்
20-6-1993

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. பின்னட்டையைப் பற்றி நான் எழுதியதற்கு, அதெல்லாம் வியாபாரம், மனதில் போட்டுக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதமாகப் போட்டுக்கொள்ளாமல்தான் இருந்தேன். மாமி சுகம். குல்ஷனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது; பயப்பட ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வெயிலில் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்குத் தெருவே சண்டை போடுகிறது. இனி சொல்லப்போவதைப் பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து கேட்டருகில் நின்றார். எழுபது வயதிருக்கும். ஒன்பது கஜம், மூக்கில் இரண்டு பக்கமும் வைரம். கையில் நம் புத்தகம். வாசலில் உங்கள் பெயர்ப்பலகையை வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். “மன்னிக்கணும்மா, விலாசத்தைத் தப்பாக் குடுத்துட்டா போலிருக்கு. அரங்கன்னு ஒரு எழுத்தாளர் இங்கே…” என்று இழுத்தார்.

அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். பொய் இல்லையே.

“ஓ, உங்காத்து மாடியில குடியிருந்தாரா?” என்று கேட்டார். நம் வீட்டுக்கு மாடி ஏது மச்சான்? ஓடு மாற்றவே இன்னும் முடியவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நான் தயங்கியதுபோல் அவர் தயங்கவில்லை, வாங்கிக் குடித்தார். நல்ல மனுஷி. பெயர் பாலாம்பாளாம். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாராம். நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, தனக்கென்று ஒன்று வாங்கப் பதிப்பகத்துக்கே போயிருக்கிறார். கடையில் நின்ற ஆளை விடாமல் கேட்டு, கதவு எண்ணையும் தெருவையும் வாங்கிவிட்டார்.

புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே தெரிந்தது. நாச்சி செத்த பிள்ளையை ஓடத்தில் போட்டுக்கொண்டு, புதைக்க ஒரு கை அகலம் ஈரமில்லாத மண் தேடி, மலையைச் சுற்றிச் சுற்றி வரும் இடம்.

மச்சான், அந்த அத்தியாயத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. எண்பத்தைந்து வெள்ளத்தில் நம் மூத்தவள் ஹாஜிரா மவுத்தானபோது அவள் பிறந்து நாற்பது நாள்கூடக் கழியவில்லை. நம் கபர்ஸ்தானில் இடுப்பளவு தண்ணீர். கபன் துணியில் சுற்றிய பிள்ளையை நீங்கள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, மேட்டு நிலம் தேடிப் பல்லாவரம் பக்கமாக நடந்து போனீர்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். திரும்பி வந்து, அடக்கியாகிவிட்டது என்ற ஒரு சொல்தான் சொன்னீர்கள். போன வழியில் கால் இடறியதும், துணி நனையக் கூடாதென்று பல்லால் கவ்விக்கொண்டதும், தோண்டிய குழியில் தண்ணீர் ஊறியதும், வேறிடம் பார்த்ததும், எல்லாம் அந்த அத்தியாயத்தில்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்லாததை நாச்சியிடம் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் வாசித்து முடித்ததும் நான் எழுந்து போய் அரிசி களைந்தேன். உங்களைக் கோபிக்கவில்லை. அந்த வகையிலாவது அவள் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பாலாம்பாள் மாமிக்கும் அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போயிருக்கிறது. “ஆத்துல யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே விட்டதில்லை. அழக்கூட விடலை. இதைப் படிச்சுட்டுத்தான் இந்த வயசுல உக்காந்து அழுதேன்” என்றார். சொல்லும்போதே அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெத்தவா நம்மவாளாத்தான் இருக்கணும். நம்மாத்துப் பிள்ளை மாதிரின்னா எழுதியிருக்கார். வேற யாருக்கு இது வரும்?” என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை என் வயிற்றில் பிறந்ததம்மா, எழுதியவர் பெயர் வாசலில் மாட்டியிருக்கிறதம்மா என்று ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. சொன்னால் அவர் அழுகை நின்றுவிடுமோ என்று பயந்தேன். என் கையை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். ஒருவேளை விட்டிருக்க மாட்டார். அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லாமல் போயிற்று. இந்தப் பயத்தை யார் எனக்குள் வைத்தது என்றுதான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். டிசம்பரில் பள்ளிவாசலை இடித்ததற்குப் பிறகு ஊர் மாறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நம் பெயர் அட்டையில் வராது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டதே.

போகும்போது, அவர் ஊருக்கு வந்தால் பாலாம்பாள் நமஸ்காரம் சொன்னாள் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அது அரங்கனுக்கு வந்தது. உங்களால் வாங்கிக்கொள்ள முடிகிறதா பாருங்கள்.

மறுநாளே மாம்பலம் போனேன். உங்களைக் கேட்காமல்தான் போனேன். இரண்டாம் பதிப்பு அச்சில் ஏறப்போகிறது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள் அல்லவா. அதிலாவது உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். பதிப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார், காப்பிகூட வரவழைத்தார். “அரங்கனுக்கு இப்ப ஒரு மார்க்கெட் இருக்கும்மா. இந்த நேரத்துல பேரை மாத்தினா புக்கும் போயிடும், ஏமாத்திட்டீங்கன்னு என்னையும் கேப்பாங்க” என்றார். அப்படியானால் அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்தார். “அந்தச் சாப்டர்தாம்மா புக்கே.”

எழுந்திருக்கும்போது அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. “நீங்க ஏம்மா அலையறீங்க? அடுத்த நாவலுக்கும் இதே பேரு இருக்கட்டும்னு சார்தானே எழுதியிருக்கார்” என்றார். நீங்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் ஒட்டகம் பார்த்தது வரை இருக்கிறது. இது மட்டும் இல்லை. காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில், பாதி ராத்திரியில் விழித்து எழுதுகிறீர்கள். உங்களுக்குப் படிப்பவர்கள் வேண்டும். எந்தப் பெயரில் என்றாலும் வேண்டும். அந்தப் பசி எனக்குப் புரியாமல் இல்லை. பட்டினி கிடந்தவரைப் போய் எந்தத் தட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேட்கக் கூடாதுதான். ஆனால் பரிமாறியது என் பிள்ளையை.

அடுத்த மாதம் தம்மாம் திரும்பும் கிபாயத்துல்லா பாய் நேற்று வந்தார். நீங்கள் இங்கே பாதியில் வைத்துவிட்டுப் போன இரண்டாவது நாவலின் கையெழுத்துக் கட்டை அவரிடம் கொடுத்தனுப்பும்படி எழுதியிருந்தீர்களாம். மாங்காய் ஊறுகாயும், மாமி தைத்த தொப்பியும், உங்கள் வயிற்றுவலிச் சூரணமும் கொடுத்திருக்கிறேன். கட்டைக் கொடுக்கவில்லை. பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எழுதியவர் ஜாபர் என்று நானே எழுதிவிட்டேன். மசியில்தான் எழுதியிருக்கிறேன். என் எழுத்து எப்போதும்போல் கோணல். பிடிக்கவில்லையென்றால் நேரில் வந்து அந்தப் பெயரை அடித்துவிட்டுப் போங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் நேரில் வர வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் அலைய வேண்டாம். ரப்புல் ஆலமீன் உங்களை உங்கள் பெயரோடேயே இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள் மனைவி,
சபீஹா ஜாபர்