நாங்கள் என்று சொல்லிவிட்டேன்

என் அன்புள்ள கண்டிப்பு டீச்சருக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம், உன் கோபம் நியாயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படித்துவிடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு உன் பதில் வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நம் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். பதறாதே, சொல்கிறேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தையல்காரம்மாவை உனக்குத் தெரியும். உன் நீல ஜாக்கெட்டை இரண்டு முறை பிரித்துத் தைத்தாளே, அவள்தான். அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் அவள்மேல் வழக்குப் போட்டிருந்தார். எங்கள் வாடகைதாரர் அமைப்பில் அதைப் பேசினோம். எங்கள் கூத்துதான் உனக்குத் தெரியுமே. தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. கூட்டம் நடத்துவதிலிருந்து டீ கிளாஸ் கழுவுவதுவரை எல்லாம் முறைவைத்துத்தான். இந்த மாதம் நடத்துவது பிளம்பர். அவர் பேசுவது அவருக்கே கேட்காது. எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினால்தான் முடிவு. ஒருவர் உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் பேச்சு மறுபடி முதலிலிருந்து. வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று பேச்சு வந்தது. "நாம போயிடலாம்" என்று எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினோம். இத்தனை சீக்கிரம் எந்த முடிவும் எடுத்ததில்லை என்று எங்களுக்குப் பெருமை வேறு.

யாரும் போகவில்லை. நர்ஸம்மா போவார் என்று நான் நினைத்தேன். டிரைவர் போவார் என்று நர்ஸம்மா நினைத்தார். நான் போவேன் என்று டிரைவர் நினைத்தார். மனு எங்கள் அலுவலக மேசையிலேயே கிடந்தது. கோர்ட்டில் தனியாக நின்றவளிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க ஆளுங்க வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள், பாவி மகள். உத்தரவு அவளுக்கு எதிராகப் போய்விட்டது. சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டார்கள்.

அவசரமாகக் கூடினோம். தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால் அவரை நன்றாகத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அந்த வசதியும் இல்லை. வட்டமாக உட்கார்ந்துகொண்டு அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேல்முறையீடு செய்யலாம் என்று பிளம்பர் முணுமுணுத்தார். "அதையும் நாம பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னதும் தையல்காரம்மா எழுந்துவிட்டாள். படுத்த படுக்கையான மாமனாரைப் பக்கத்துக் கடை ஓரத்தில் கிடத்திவிட்டு வந்திருந்தாள். "நாம நாமன்னு சொல்றீங்களே, அந்த நாமல யாருங்க இப்ப எங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவேயில்லை. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசிவிட்டது.

"நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் என்றால் நானும் நீயும்தானே, வேறு யார்? நர்ஸம்மா சும்மா விடுவாரா? டீச்சரைக் கேட்டீர்களா என்றார். அவள் சரியென்றுதான் சொல்லுவாள் என்றேன். உடனே உள்ளங்கையைக் கவிழ்த்துவிட்டார். "அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இது முடிவு இல்ல. ஞாயித்துக்கிழமை கூட்டம் வரைக்கும் ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான்" என்றார். அந்த இடத்தில் எனக்கு மூக்கறுபட்டது. நீ கிளம்பிய அன்று, "ஊரையெல்லாம் சம்மதம் கேக்கறீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டதுண்டா?" என்றாயே. அதைத்தான் அவரும் வேறு மாதிரி கேட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இன்று காலை நம் வீட்டுக்காரர் வந்தார். முன்னறையில் தையல் மிஷினைப் பார்த்தார், உள்ளே பெரியவரின் இருமல் சத்தத்தையும் கேட்டார். "ரெண்டு பேருக்குத்தான் வீடு குடுத்தேன். இவங்க இருந்தா நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஏதாவது வந்தால் வாசலில் யார் யார் வந்து நிற்பார்கள் என்று எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறேன். இருந்தாலும், வெயிலில் அலைந்து இந்த வீட்டைப் பிடித்தவள் நீ. தையல்காரம்மாவும் நிம்மதியாக இல்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறாள். உன் சாமான் எதையும் அவள் தொடுவதில்லை. தண்ணீர்கூடத் தன் டம்ளரில்தான் குடிக்கிறாள்.

அவர்கள் இருக்கட்டும் என்றால் எழுது. வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எழுது. நானே எழுந்து கூட்டத்தில் சொல்கிறேன், வேறு இடமும் நானே தேடித் தருகிறேன். உன்னை ஒருவரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனம்போல எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ பேசாமல் இருந்தால் கூட்டம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாது. நான் எடுத்துக்கொண்டுவிடுவேன். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

என்றும் உன்னுடைய,
வீட்டுக்காரன்