மூட்லி வீட்டு உறவு

பிப். 4, செவ்.
காலையில் கடும் பனி. வியாசர்பாடி பாலத்தில் எதிர்வண்டி தெரியவில்லை. ஷிப்பிங் ஆபீசுக்கு லேட்.

பூர்வீகம் பார்க்கிற டி.என்.ஏ. எச்சில் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. அம்மாவின் தாத்தாவுக்கு முன்னால் யார் என்று யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் பண்ணினேன். முழுக்கத் தென்னிந்தியாவாம். எங்கள் பிளாக் வாசலில் இட்லி விற்கிற அக்காவே சொல்லியிருக்கும்.

கீழே உறவு என்று ஒரே ஒரு பெயர். சரோஜினி மூட்லி, டர்பன், தென்னாப்பிரிக்கா. நாலைந்து தலைமுறைக்கு முன் ஒரே குடும்பம்.

பிப். 6, வியா.
மெயில் போட்டதும் பதில். ரிட்டையர்டு டீச்சர். அப்பாவின் தாத்தா இங்கிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். மூட்லி என்றால் முதலியார். அடுத்த வாரம் கோயில் டூரில் சென்னை வருகிறார். நம் குலதெய்வக் கோயிலைக் காட்டுவீர்களா என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் முதலியார் இல்லை. பறையர். அப்பா காலத்தில் பௌத்தத்துக்கு வந்தவர்கள்.

பிப். 8, சனி
அண்ணனுக்கு போன். அண்ணா நகர் பிளாட்டுக்குப் போனதிலிருந்து அவர் அங்கே யாரிடமும் ஜாதி சொல்வதில்லை.

"அவங்களே முதலியார்னு நென்ச்சிகினு கீறாங்க. நீ இன்னாத்துக்கு ஒடைக்கிற கௌதமி? ஒரு கோயிலக் காட்டி அனுப்பு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ரெண்டு மணி நேரம். அந்தம்மா சந்தோசமா போய்ச் சேரும்."

அதிலும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தோன்றுகிறது. அதுதான் எரிச்சல்.

வாங்க: புளி, பினாயில், வஞ்சிரம் (வெள்ளிதான்).

பிப். 15, சனி
வந்தார். எழுபது இருக்கும். வெள்ளை ஷூ. தமிழில் வணக்கம், தண்ணி மட்டும், மற்றதெல்லாம் இங்கிலீஷ். என் மூக்கைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்பா மூக்காம்.

ஹாலில் புத்தர், அம்பேத்கர் படம். எடுத்து வைக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார், நம் கோயில் எங்கே என்று. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். டெஸ்ட் தப்பாக இருக்குமோ என்றார். இருக்கலாம் என்றேன். மீனைத் தொடவில்லை. டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

பாத்திரம் கழுவும்போது அவர் தட்டை இரண்டு தடவை தேய்த்தேன். கோபமா, வேறா, தெரியவில்லை.

பிப். 16, ஞாயிறு
மணலி ஆலைப் பக்கக் காற்று. கண் எரிச்சல். போர்வை துவைத்தேன்.

மதியம் கதவு தட்டல். சரோஜினி. ஆட்டோவில், தனியாக. டூர் பஸ் மாமல்லபுரம் போய்விட்டதாம், இவர் ஏறவில்லை. டர்பனில் இருக்கும் தம்பியிடம் சொன்னாராம். தம்பி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைவிட்டே போய்விட்டார்.

ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார். பிறகு சொன்னார்: "சில வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று அப்பா அடித்து வளர்த்தார். அவருக்குத் தெரிந்திருக்குமா?"

எனக்கு எப்படித் தெரியும். சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

உன் அண்ணனையும் பார்க்க வேண்டும் என்றார். அங்கேயே போன் போட்டேன்.

"இங்கியா? பக்கத்து வூட்ல யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?" பிறகு, "வூட்டுக்கு வேணாம்மா. ராயபுரத்துல எங்கனா ஓட்டல்ல பாத்துக்கலாம்."

என்ன சொன்னார் என்று சரோஜினி கேட்டார். நாளைக்கு வெளியே சாப்பாடு என்றேன்.

அண்ணியைக் கூட்டி வராமல் அண்ணன் தனியாகத்தான் வருவாராம்.