பழைய கோச்சும் கோழிக்குழம்பும்

ஜூலை, ஞாயிறு இரவு

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும்போது எங்கள் பழைய பாஸ்கெட்பால் கோச்சைப் பார்த்தேன். அவர் இப்போது வேலை பார்க்கும் கல்லூரியின் பஸ், புது டி-ஷர்ட், வாய் நிறைய நேந்திரம் சிப்ஸ். முகத்தில் கூச்சம் என்று ஒன்று இல்லவே இல்லை.

போன வருடம் கீழப்பாவூருக்கு வீடு தேடி வந்து, அம்மா வைத்த கோழிக்குழம்பை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மூணு வருசமும் இவ எம் பொறுப்பு, அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொன்ன மனிதர். அதை நம்பித்தான் கையிலிருந்த நர்சிங் சீட்டை விட்டுவிட்டு அவர் டீமுக்காக அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் செமஸ்டர் முடிவதற்குள் அதிகச் சம்பளத்துக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். புதிதாக வந்த கோச் தான் பழக்கிய பிள்ளைகளையும் டீமுக்குக் கூடவே கொண்டுவந்தார். "நீ அவரு கூட்டியாந்த ஆளுல்லா" என்றார் என்னிடம். அன்றிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டுக்குக் காவல் இருக்கிறேன்.

"ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட்டார். தன் டீமிடம், "இவளக் கண்டுபிடிச்சதே நாந்தான்" என்றார். கிழித்தார். இப்போது ஆடுகிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறப்போனவர் திரும்பி, "ஒந் தங்கச்சி இப்ப எவ்வளவு ஒயரம் இருக்கா?" என்றார்.

"குட்டைதான் சார். பந்துன்னாலே பயப்படுதா."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் போனிலிருந்து அவர் நம்பரை அழித்தேன்.

தங்கச்சி என் பக்கத்தில் பந்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். பாய் பற்றாமல் கால் தரையில் கிடக்கிறது.