மேட்டைச் சுற்றிய வேலி

பாடாங்,
மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்தானே? அத்தானின் முதுகுவலி எப்படி? இல்மா மண் தின்பதை நிறுத்தினாளா, இல்லை நான்கு வயதாகியும் அதே கதைதானா?

கப்பல் சமையல்காரர் பசரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்று நாளாக உனக்கு ஃபோன் அடித்துப் பார்த்துவிட்டேன். மேட்டில் ஏறினால்தான் உங்களுக்குச் சிக்னல். நீ என்றைக்கு ஏறுவது, நான் என்றைக்குப் பேசுவது!

நல்ல சேதி ஒன்று. எங்கள் கம்பெனி நம் ஊரில் நிலம் வாங்கி விற்கப்போகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் பணம் போட நினைக்கிறவர்களுக்கும் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்கள். எழுதப்போவது உன் தம்பி. முதலாளியே என் மேசைக்கு வந்து, "உன் ஊராமே, நீயே எழுதிடேன்" என்றார். நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம்.

முதல் பக்கம் இப்படி: "தெலுக் மராந்தி. அறுபத்திரண்டு வீடுகள், ஒரு பள்ளிவாசல், நான்கு நல்ல தண்ணீர்க் கிணறுகள், கரையில் எச்சரிக்கைச் சங்கு. தூளியில் உறங்கும் குழந்தையாகக் கடல்."

எப்படி? ஏழு வயதில் மாமாவோடு வந்துவிட்டவன், பாதி மறந்துபோயிற்று. மிச்சத்தை நீ எழுது. அந்த மேடு எதற்கு? நோன்புக்கு முந்தைய வெள்ளியன்று ஊரே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, மூங்கில் குழாயில் வெந்த சோறு தின்போமே, அது மட்டும் நினைவிருக்கிறது.

உன் தம்பி,
ஹஸ்லான்


தெலுக் மராந்தி,
மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். இல்மா மண்ணை விட்டுவிட்டாள், இப்போது சுண்ணாம்பு.

உன் முதல் பக்கத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "தூளிக் குழந்தையா? அந்தக் கொழந்ததான் போன மாசம் என் படகக் கவுத்துச்சு" என்கிறார். கிணறு நான்கு இல்லை, மூன்று. சங்கின் பேட்டரி திருடுபோய் இரண்டு வருஷம். அதில் மைனா கூடு கட்டியிருக்கிறது. வேண்டுமானால் மைனா இருக்கிறது என்று எழுதிக்கொள்.

கிராம்பு காயப்போடும் வாசனையை எழுது. உன் அக்கா வைக்கும் மீன் குழம்பை எழுது. மேட்டை மட்டும் எழுதாதே, அதைத் தொடாதே. ஏன் என்று கேட்காதே, வாயால் சொல்லுகிற விஷயமில்லை அது. ஊரில் பிறந்தவன் நீ, அவ்வளவு போதாதா?

பெருநாளைக்காவது வா. நாலு வருஷமாக வருகிறேன் வருகிறேன் என்று ஏய்க்கிறாய்.

அக்கா,
யுஸ்னியார்


பாடாங்,
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. புத்தகம் அச்சாகிவிட்டது. மேடு அதில் இருக்கிறது, அதுவும் நடுப்பக்கத்தில்.

நான் என்ன செய்ய? நிலம் அளக்கப் போனவர் ஊரில் இருபத்திரண்டு பேரைக் கேட்டிருக்கிறார்.

"இந்த மேடு என்னத்துக்குங்க?"

"ஒண்ணுத்துக்கும் இல்லீங்க. சும்மா கெடக்கு."

"ஆடு மேயுமா?"

"மேய்க்க மாட்டோம்."

"கல்லற ஏதும்?"

"இல்ல."

இருபத்திரண்டு பேரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். ஏன் சும்மா கிடக்கிறது என்று எழுதித் தரச் சொன்னதற்கு, ஊர்த்தலைவர் மர்சூக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாராம். உபயோகம் இல்லாத நிலம் என்று நானும் எழுதிவிட்டேன். உச்சியில் ஆறு வீடுகள் வரப்போகின்றன, ஆறும் விலைபோயின.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. சந்தோஷப்படேன், அக்கா.

ஹஸ்லான்


தெலுக் மராந்தி,
ஜூன் 3

ஹஸ்லானுக்கு,

ஸலாம் சொல்லக்கூட மனம் வரவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, உன்னை நம்பி ஊரைப் பற்றி எழுதினேன்.

உன் ஆட்கள் மேட்டைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டாயிற்று. ஒரே வாசல், அதற்கும் பூட்டு. போன வெள்ளி ஊரே பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போய் நின்றோம். காவலுக்கு வந்திருக்கும் தோகார் என்பவன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எங்க, கூட்டமாக் கெளம்பிட்டீங்க?"

"மேல ஏறத்தான். கதவத் தெற."

"இது இப்ப கம்பெனி எடம்க்கா. எதுக்கு ஏறணும்னு சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்."

மர்சூக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் தோளிலிருந்த இல்மாதான், "சோறு திங்க!" என்று கத்தினாள்.

"அதக் கீழயே தின்னுங்க" என்று சிரித்தான் அவன். கீழேயே தின்றோம்.

வாயால் சொன்னால் அது வந்துவிடும் என்பது நம் ஊர்ப் பயம். எழுதினால் வருமா என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறேன். அந்த மேடு கடல் வந்தால் ஓடுவதற்கு. நிற்க முடியாதபடி தரை ஆடி, கடல் பின்னால் போனால், பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இருட்டிலும் கால் தடுக்கக் கூடாது, அதனால்தான் அங்கே வீடில்லை, வேலியில்லை, கல்லறையில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஏறுவது கால்கள் வழியை மறக்காமல் இருக்க.

அம்மா காய்ச்சலில் போகவில்லை, தம்பி. எனக்கு அப்போது பதினொன்று, உனக்கு இரண்டு. உன்னை என் முதுகில் கட்டிவிட்டு, "நீ ஓடுடி, அடுப்ப அணைச்சிட்டு வந்துர்றேன்" என்று திரும்பினாள். திரும்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஓலை வீடு பற்றிக்கொள்ளும் என்று பயந்துவிட்டாள். நான் உச்சியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நீ என் முதுகில் தூங்கிவிட்டாய்.

அந்த இடத்தைத்தான் விற்றிருக்கிறாய். உன் முதலாளி காலில் விழுந்தாவது கதவைத் திறக்கச் சொல்.

யுஸ்னியார்


பாடாங்,
ஜூன் 13

அக்காவுக்கு,

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுதும்போதே எனக்கு லேசாகத் தோன்றியது. தோன்றியதை அமுக்கிவிட்டுத்தான் எழுதினேன்.

முதலாளியிடம் போனேன். கடல் என்று வாயால் சொல்லாமல், ஆபத்து நேரத்துக்குக் கதவைத் திறந்துவைக்கக் கேட்டேன். "அதான் சங்கு இருக்குன்னு நீயே எழுதியிருக்கியேப்பா. அது ஊதட்டும், தெறந்துவிடச் சொல்றேன்" என்றார். மைனாக் கூட்டைச் சொல்ல வாயெடுத்தேன். பொய்யாக எழுதினாயா என்று கேட்பார். சொல்லவில்லை.

இன்னொரு சாவி அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திங்கள்கிழமை அவர் வெளியூர் போகிறார். அப்போது எடுத்து, அடுத்த சனிக்கிழமைக் கப்பலில் பசரியிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு வாரம்தானே, அக்கா. பொறுத்துக்கொள்.

ஹஸ்லான்


தெலுக் மராந்தி,
ஜூன் 17

தம்பிக்கு,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. அம்மா விஷயத்தை அப்படிப் போட்டு உடைத்திருக்கக் கூடாது நான். முப்பது வருஷமாக அடைத்து வைத்தது, கோபத்தில் கொட்டிவிட்டது.

பத்து நாளில் மூன்று தடவை தரை ஆடிவிட்டது. நிற்க முடிந்தது, அதனால் யாரும் ஓடவில்லை. ஓடி எங்கே போவது? பள்ளிவாசல் கிணறு உப்புக் கரிக்கிறது. முதல் ஆட்டத்துக்கே தோகார் போன வாரக் கப்பலில் நழுவிவிட்டான், சாவியோடு.

வேலியை வெட்டிவிடுவோம் என்றால் மர்சூக்கி, "கம்பெனி சொத்து, கைய வச்சா ஜெயில்தான்" என்று நடுங்குகிறார். "ஜெயிலு ஒசரமான எடத்துல இருந்தா நாளைக்கே போறேன்" என்றேன். சிரித்தார்கள். சிரித்த பிறகு ஒருவர் முகமும் சரியில்லை. கம்பி வெட்டும் கத்தரி வடக்கூர்க் கொத்தனாரிடம் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இல்மாவைத் தினமும் முதுகில் கட்டிப் பார்க்கிறேன். உன்னைவிடக் கனம். சாவியை அனுப்பு.

அக்கா


பாடாங்,
ஜூன் 25

அக்காவுக்கு,

பசரி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் அங்கே போனபோது கடல் வந்து போயிருந்ததாம், கட்டுவதற்குத் துறை இல்லையாம். தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "பள்ளிவாசல் கூரை மட்டும் தெரிஞ்சுது தம்பி, மத்ததெல்லாம் சேறும் மரமும்தான்" என்றார். மேட்டின் உச்சியில் ஏதோ நிறம் நிறமாக இருந்ததாம். ஆட்களா, துணியா, அவருக்குத் தெரியவில்லை.

"வேலி இருந்துச்சாண்ணே?" என்றேன்.

"அத நான் பாக்கலப்பா" என்றார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி ஊரிலிருந்து வந்துவிட்டார். வேறு ஊர் ஒன்றை எழுதச் சொன்னார். எல்லோர் எதிரிலும் அந்த மேடு எதற்கு என்று வாயால் சொன்னேன், அக்கா. இனி வர என்ன இருக்கிறது? சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நிவாரணப் படகில் மருத்துவர்களுக்குத்தான் இடமாம். கெஞ்சிப் பார்த்தேன், கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

கொத்தனார் சனிக்கிழமை வந்தாரா? ஒரு வரி போதும், அக்கா. வேலியை வெட்டினீர்களா?

உன் தம்பி,
ஹஸ்லான்